சொந்த வண்டி

உத்தனப்பள்ளியில் பெண் பார்த்துவிட்டு எல்லோரும் வாசலுக்கு வந்தபோது, மாப்பிள்ளை முனிராஜ் ஓட்டிவந்த அம்பாசடரின் முன் டயர் காற்றிறங்கித் தட்டையாகக் கிடந்தது.

ஓசூரில் ஒரு சர்வீஸ் ஸ்டேஷனுக்கு மேனேஜர் அவன். உள்ளே இவ்வளவு நேரமும் காரைப் பற்றித்தான் அளந்திருந்தான்.

“சொந்த வண்டிங்க மாமா. டிரைவர் வெச்சுக்கல. அவனுங்கள நம்ப முடியாதுங்க, வண்டிய நாசம் பண்ணிடுவானுங்க.”

பெண்ணின் அப்பா திம்மராயன் அதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். அவருக்கு ஏதோ கம்பெனியில் வேலை என்று தரகர் சொல்லியிருந்தார்.

ஸ்டெப்னியை எடுக்க டிக்கியில் சாவியைப் போட்டான் முனிராஜ். திரும்பவே இல்லை. உறவுக்காரர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஜன்னலில் பெண்ணும் நின்றாள்.

“சொந்த வண்டின்னியேப்பா?” என்று யாரோ சிரித்தார்கள்.

“இன்னைக்குன்னு பாத்து மக்கர் பண்ணுது…”

திம்மராயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். டிக்கியின் இடது ஓரத்தை முழங்காலால் ஓர் அழுத்து அழுத்திச் சாவியைத் திருப்பினார். திறந்துகொண்டது.

“எப்படிங்க மாமா?”

அவர் ஸ்டெப்னியை மாட்டி முடித்து, கையைத் துடைத்தபடி அவன் காதருகே வந்தார்.

“காத்து எறங்குது, பாத்து வையுங்கன்னு நேத்து உங்க வாட்ச்மேன்கிட்ட இந்த வண்டிய விட்டுட்டு வந்ததே நான்தான் தம்பி. நாளைக்குக் காலையில பஞ்சர் ஒட்டி வெச்சிடுங்க. எங்க மொதலாளியும் உங்கள மாதிரித்தான், டிரைவருங்கள நம்பமாட்டாரு.”