ஒரே வெடி

புகை கலையவில்லை.

நாட்டுத் துப்பாக்கியின் புகை அப்படித்தான். சுட்டதும் கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக நின்றுவிடும். பட்டதா, தப்பியதா என்பது அது விலகிய பிறகுதான் தெரியும்.

அவன் துப்பாக்கியை இறக்காமல் காத்திருந்தான். இருப்பது ஒரே வெடி. மறுபடி குழலுக்குள் மருந்து கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, ஈயக் குண்டுகளைப் போட்டு, கம்பியால் இடித்து முடிப்பதற்குள் எந்தக் காட்டுக்கோழியும் நிற்காது.

புதருக்குள் சிவப்பாக ஏதோ அசைந்திருந்தது. சேவலின் கொண்டை. அதைப் பார்த்துத்தான் சுட்டான்.

சிறகடிக்கும் சத்தம் கேட்கவில்லை.

"மச்சான்."

சென்றாயனின் குரல். தங்கை இருசாயியின் புருஷன். ஓடைக்கு அந்தப் பக்கம் போய்க் கோழிகளைக் கலைத்து விடுகிறேன் என்று போனவன்.

புகை விலகியது.

சிவப்பு, சென்றாயனின் துண்டு. போகும்போது தோளில் கிடந்தது. தூறல் விழுந்ததும் தலையில் கட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறான்.

கழுத்தில், நெஞ்சில், தோளில், சின்னச் சின்னத் துளைகள். ஒவ்வொன்றிலிருந்தும் ரத்தம் மெதுவாகத்தான் வந்தது. அதைப் பார்த்து, பிழைத்துக்கொள்வான் என்றுகூட ஒரு கணம் நினைத்தான்.

முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினான். ரோட்டுக்கு நாலு மைல்.

"மச்சான், துப்பாக்கி என் கையிலதான் வெடிச்சிச்சின்னு சொல்லிடு."

"பேசாத மாப்ள."

"வழுக்கி வுழுந்தேன்னு சொல்லு. நீயும் ஜெயிலுக்குப் போயிட்டா இருசாயிக்கு யாரு இருக்காங்க?"

அவன் சரிவில் காலை ஊன்றி இறங்கினான்.

"சொல்லு மச்சான். சொல்றேன்னு சொல்லு."

"சொல்றேன்."

அதன்பிறகு சென்றாயன் பேசவில்லை. காதோரம் மூச்சு மட்டும் சுட்டுக்கொண்டிருந்தது. மூங்கில் காட்டைத் தாண்டும்போது அதுவும் இல்லை.

அவன் நிற்கவில்லை.

நின்றால் தெரிந்துவிடும்.

ரோட்டுக்குப் போக வேண்டிய பாதையை விட்டுவிட்டு, கால்கள் தாமாகவே ஊர்ப் பக்கம் திரும்பின. அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.

வாசலில் பாயை விரித்துக் கிடத்தினார்கள். பக்கத்து வீட்டுத் தீர்த்தன் குனிந்து சட்டையை விலக்கிப் பார்த்தான். அவனும் வேட்டைக்குப் போகிறவன். கையிலேயே வெடித்தால் குண்டுகள் ஒரே குழியாக இறங்கும். இருபது, முப்பது தப்படி தள்ளிச் சுட்டால்தான் இப்படிப் பரவும். துப்பாக்கி பிடித்த எவனுக்கும் இது தெரியும்.

தீர்த்தன் நிமிர்ந்து அவனைப் பார்த்தான்.

"பாறையில வழுக்கிட்டான். கையிலயே வெடிச்சிடுச்சி."

தீர்த்தன் சட்டையைப் பழையபடி இழுத்துவிட்டான். பிறகு கொடியில் கிடந்த வேட்டியை எடுத்து, பிணத்தைத் தாடைவரை இழுத்து மூடினான்.

"மழக்கு எல்லாப் பாறையும் வழுக்கத்தான் செய்யும்" என்றான், சுற்றி நின்றவர்களிடம்.

இருசாயி ஐந்து மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. எழுந்து உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள்.

"கையக் கழுவுண்ணா. பூரா ரத்தம்."

அவன் கைகளை நீட்டினான். அவள் ஊற்றினாள்.

"நாலு நாளா வாந்தி. சோறு எறங்கல. காட்டுக்கோழிச் சாறு இருந்தாக் குடிப்பேன்னு நான்தான் சொன்னேன்."

அவன் கைகளைத் தேய்த்தான்.

"வேணாம் புள்ள, மழ வருதுன்னாரு. நான்தான் வுடல. மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டேன்."

விரல் இடுக்குகளில் இன்னும் போகவில்லை.

"நான்தாண்ணா கொன்னுட்டேன்."

அவன் நிமிர்ந்தான்.

ஒரு வார்த்தை போதும். சொல்லிவிட்டால் அவள் தலையிலிருந்து அது இறங்கிவிடும். காலம் பூராவும் அவள் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

தீர்த்தன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் வாயைத் திறந்தான்.

"பாறை ரொம்ப வழுக்கல்மா" என்றான்.

இருசாயி தலையாட்டினாள்.

சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரையும் அவன் கைகளில் ஊற்றினாள்.