இணைப்பு கிடைக்கவில்லை

"என்ன எல்யோர், இன்னும் கதவைத் தட்டிக்கிட்டேதான் நிக்கறியா? இங்கே ஒரு வரிகூட வந்து சேரலை!"

தாஷ்கண்டிலிருந்து முனிஸா போனில் சிரித்தாள். எல்யோர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மடிக்கணினியைப் பார்த்தான். 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று திரையில் சிவப்பு எழுத்து.

மர்கிலான் நகரப் பட்டு ஆலையின் பழைய தரவுத்தளத்தில் கிடக்கும் ஆர்டர், சரக்கிருப்பு, வாடிக்கையாளர் விவரம் அத்தனையையும் தாஷ்கண்டில் உள்ள புது சர்வருக்கு மாற்ற வேண்டும். இங்கே இவன் இணைப்பைக் கொடுத்தால் அங்கே முனிஸா வாங்கிக்கொள்வாள். 'இதுக்கு எல்யோர்தான் சரி' என்று மேலாளரிடம் சொல்லி அவனை அனுப்பி வைத்தவளும் அவள்தான். மாலைக்குள் முடியாவிட்டால் நாளைக்கு ஆலையின் ஆன்லைன் கடை திறக்காதாம். புதிதாகச் சேர்ந்திருக்கும் எல்யோருக்கு வேலையும் நிலைக்காது.

"சர்வர் முகவரியே தப்பு முனிஸா. அந்த மெஷினை எப்பவோ மாத்திட்டாங்களாம். இங்கே கணினி பார்க்கற பெரியவர் இப்பதான் சொல்றார்."

"கத்தினியா?"

"எதுக்கு? வயசானவர், மறந்திருப்பார்."

"நல்லா வேலை பார்க்கற போ!" என்று வைத்துவிட்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்த ஹம்தம் அகா, அதாவது ஹம்தம் அண்ணன்தான், அந்த ஆலையின் கணினிப் பிரிவு முழுக்க. வேறு ஆள் கிடையாது. பூவேலைத் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு, பச்சைத் தேநீரை அரைக் கோப்பை ஊற்றி நீட்டினார்.

"குடி தம்பி. மெஷின் எங்கேயும் ஓடிடாது."

"பாஸ்வேர்ட் சொல்லுங்க அகா."

சொன்னார். தவறு என்றது திரை.

"முதல் எழுத்து பெரிசோ என்னவோ?"

பெரிசாக்கிப் பார்த்தான். தவறு.

"அடடா, அது பழசு!" என்று நெற்றியில் தட்டிக்கொண்டு வேறொன்றைச் சொன்னார். அதுவும் தவறு. போதாக்குறைக்கு, இத்தனை முறை தவறாக முயன்றதற்காக சர்வர் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது.

எல்யோர் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டான்.

"பரவாயில்லை அகா. கொஞ்ச நேரத்துல தானா திறந்துக்கும். அதுக்குள்ள போர்ட் நம்பரைச் சரிபார்த்துடறேன்."

"வேற ஆளா இருந்தா இந்நேரம் கோப்பை பறந்திருக்கும் தம்பி."

"கோப்பை பறந்தா பாஸ்வேர்ட் வந்துடுமா?"

அகா உடம்பு குலுங்கச் சிரித்தார்.

ஆலைச் சமையலறையிலிருந்து பிலாவ் வந்தது. ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். இறைச்சித் துண்டுகளை எல்யோர் அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"வீட்ல யாருப்பா சமையல்?"

"அம்மா. ஞாயித்துக்கிழமை மட்டும் பிலாவ் நான் பண்ணுவேன்."

"அரிசி குழையாம வருமா?"

"முன்னெல்லாம் குழையும். இப்ப அம்மா ஒண்ணும் சொல்றதில்லை. நல்லா வருதா, இல்ல அவங்களுக்குப் பழகிடுச்சான்னு தெரியலை."

மறுபடி போன் அடித்தது. "துரைக்குச் சாப்பாடெல்லாம் ஆச்சா? சர்வரைத் தேடச் சொன்னா இறைச்சியைத் தேடிக்கிட்டிருக்கியா?" என்றாள் முனிஸா. எல்யோர் ஏதோ உளறிவிட்டு வைத்தான்.

"யாரு அந்தப் பொண்ணு? சரியான வாயாடி போல?"

"வாயாடிதான். ஆனா அவ செஞ்ச வேலையில ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியாது அகா."

"அது சரி, உன் காது ஏன் சிவக்குது?"

"தேநீர் சூடா இருக்கு."

தேநீர் ஆறி நெடுநேரமாகியிருந்தது. அடுத்தடுத்த மேசையில்தான் இருவருக்கும் வேலை. ஆனாலும் மனசில் இருப்பதை அவளிடம் சொல்ல அவனுக்கு இன்றுவரை வாய் வந்ததில்லை.

வெளியே வெயில் சாயத் தொடங்கியது. சர்வரின் பூட்டு எப்போதோ திறந்துவிட்டது; சரியான பாஸ்வேர்ட் மட்டும் அகா வாயிலிருந்து வரவில்லை. எல்யோருக்கு ஒரு சந்தேகம். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு தணிந்த குரலில் கேட்டான்.

"அகா, தரவெல்லாம் போயிட்டா உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு நினைக்கறீங்களா? பயப்படாதீங்க. பழைய சர்வரும் கொஞ்ச காலம் ஓடணும், அதுக்கு நீங்க இங்கேயே இருக்கணும்னு மேலாளர்கிட்ட நான் பேசறேன்."

ஹம்தம் அகா அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து வந்தார்.

"தள்ளு. நானே அடிக்கறேன்."

விசைப்பலகையைப் பார்க்காமல் கடகடவென்று தட்டினார். 'இணைப்பு கிடைத்தது' என்று பச்சை எழுத்து வந்தது. ஆர்டர்கள் வரிசை வரிசையாக ஓடத் தொடங்கின. எல்யோர் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் துள்ளி எழுந்து போனை எடுத்தான்.

"வந்துடுச்சு முனிஸா! பாரு, பாரு, வருதா?"

"அந்தப் போனை இப்படிக் குடு தம்பி" என்று வாங்கிக்கொண்டார் அகா.

"முனிஸா கண்ணு, போன வாரமே நீ வந்து எடுத்துட்டுப் போன தரவை இவன் இன்னொரு தடவை அனுப்பிட்டான். அத்தனை பாஸ்வேர்டையும் வேணும்னே தப்பா சொன்னேன், பையன் குரலை உசத்தலை. மாப்பிள்ளை விஷயத்துல இந்த அப்பாவுக்கு முழுச் சம்மதம்னு அம்மாகிட்ட சொல்லிடும்மா!"