ஊசி தனி, பை தனி

"யாரைக் கேட்டு ஊசியை உருவினீங்க?"

பஸ் டெப்போவில், தொலைந்த பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கவுண்டரில் லைப்ரரி அக்கா போட்ட சத்தம் வெளி வாசல்வரை கேட்டதாம். தன் குடையைத் தேடிப் போய் அவளுக்குப் பின்னால் நின்ற எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் சொன்னது. குடை கிடைத்ததா என்று அவரை யாரும் கேட்கவில்லை.

கம்பளி நூல் வாங்கப் போன அக்கா, பின்னல் பையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கியிருக்கிறாள். பை என்னவோ பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் கூர்மையான பொருள்களைத் தனிக் கவரில் போட்டு நம்பர் ஒட்ட வேண்டும் என்பது டெப்போ விதி. பாதி பின்னிய ஸ்வெட்டரில் மாட்டியிருந்த இரண்டு ஊசிகளையும் கவுண்டர்காரர் உருவிக் கவரில் போட்டுவிட்டார். நாலு மாத உழைப்பு, கண்ணி கண்ணியாக அவிழ்ந்து நூடுல்ஸ் மாதிரி கிடந்தது.

"ரூல் அப்படிங்க. ஊசி தனி, பை தனி" என்றார் அவர், கவரை நீட்டியபடி.

அக்கா விட்டாளா? உருவித்தான் ஆகவேண்டும் என்றால் முதலில் கண்ணிகளுக்குள் வேறொரு நூலைக் கோத்துக்கொள்ள வேண்டும், ஊசி முனையில் கார்க்காவது செருக வேண்டும், எத்தனையாவது வரிசை என்று சீட்டு எழுதி வைக்க வேண்டும் என்று அரை மணி நேரம் பிடிபிடியென்று பிடித்திருக்கிறாள். மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் பார்த்தாளாம். மனிதர் தலையைக் குனிந்துகொண்டு அவ்வளவையும் ரிஜிஸ்தரில் எழுதிக்கொண்டிருந்தார்.

"வேற ஏதாவது சேர்க்கணுமாங்க?" என்று கேட்டாராம்.

"இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுத்தா என்னன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அக்காவுக்கு நாற்பது தாண்டியாயிற்று, கல்யாணம் ஆகவில்லை. தெருக்கோடி நூலகத்தில் வேலை. அலமாரியில் ஒரு புத்தகம் அரை அங்குலம் துருத்திக்கொண்டிருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. நூலக வாசலிலேயே பஸ் நிறுத்தம் இருந்தும், டிக்கெட் காசு மிச்சம் என்று வீட்டுக்கு நடந்தே வருகிற கெட்டிக்காரி.

அப்பேர்ப்பட்டவளின் பை, பதினைந்தே நாளில் மறுபடியும் பஸ்ஸோடு போய்விட்டது.

இந்த முறை அக்கா டெப்போவிலிருந்து வாங்கி வந்த பையின் கோலத்தைத் தெருவே வேடிக்கை பார்த்தது. கண்ணிகளுக்குள் வெள்ளை நூல் கோத்திருந்தது. ஊசி முனைகளில் கார்க். 'இருபத்தேழாம் வரிசை, இடது கை பாதி' என்று மணிமணியான எழுத்தில் ஒரு சீட்டு வேறு. மூன்றாவது முறை, சிக்கலாகக் கிடந்த நூலெல்லாம் நிறம்வாரியாக உருண்டை பிடித்து வந்தது. ஐந்தாவது முறை பையின் அறுந்த காதைக்கூடத் தைத்துக் கொடுத்திருந்தார்கள்.

ஏழாவது முறையும் பை போனதும் வெளியூரிலிருந்து தம்பி வந்துவிட்டான். அவனுக்குப் போன் போட்டது யார் என்று இப்போது கிளறுவானேன்? தெருவில் நாலு பேருக்கு அக்கறை இருக்காதா?

"அக்கா, இது சாதாரண மறதியாத் தெரியலை. வேலையை விட்டுட்டு எங்ககூட வந்துடு. டாக்டர்கிட்ட காட்டலாம்."

"எனக்கு ஒண்ணும் இல்லடா."

"அப்ப ஏழு தடவை எப்படிப் போச்சு? அதைச் சொல்லு, நான் இப்பவே கிளம்பிடறேன்."

ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்லும் அக்கா வாயே திறக்கவில்லை. அங்கே போனால் நூலகம் போச்சு, தம்பி பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பதுதான் மிச்சம் என்று அவளுக்குத் தெரியாதா? தம்பி, அவள் வீட்டைக் காலி செய்ய நாள் குறித்துவிட்டான். ஏழாவது முறை போன பையை வாங்க அவனே டெப்போவுக்குப் போய், அக்காவைக் கூட்டிப் போகப்போகிறேன், இனி உங்களுக்குத் தொந்தரவு இருக்காது என்றும் சொல்லிவிட்டு வந்தான்.

மறுநாள் காலை கவுண்டர்காரர் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் அவரே தைத்த ஒரு புதுப் பை: ஒவ்வொரு ஊசிக்கும் ஓர் உறை, முடிக்காத பின்னலுக்குத் தனி அறை, நூல் சிக்காமல் வெளியே வர ஓர் ஓட்டை. அதுவரை ஒண்டிக்கட்டையாகவே காலத்தை ஓட்டியவர், அக்காவைக் கட்டிக்கொள்ளக் கேட்டார்.

தம்பி நல்லவன். மறதிக்காரியைக் கட்டிக்கொண்டு கஷ்டப்படுவீர்கள் என்று மறைக்காமல் சொல்லிவிட்டான்.

"மறந்தா மறந்துட்டுப் போகட்டுங்க. எடுத்து வைக்கிறதுதானே என் வேலை" என்றார் அவர். கதவிடுக்கில் நின்ற அக்கா சிரித்ததைப் பார்க்காதவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை.

அடுத்த மாதமே பதிவுத் திருமணம். டெப்போவுக்குப் பின்னால் இருக்கும் அவருடைய வீட்டுக்கு அக்கா குடிபோனாள். அவள் இருந்த வீட்டில் இப்போது ஒரு டிரம்ஸ் வாசிக்கிறவர் இருக்கிறார், அது தனி வயிற்றெரிச்சல்.

சாமான் ஏற்றிய அன்று, மாப்பிள்ளை வேனுக்குள் ஒவ்வொரு பெட்டியாக நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தார். தம்பி புதுப் பையை அக்கா கையில் கொடுத்து, "இனிமேயாவது இதை பஸ்ல விட்டுட்டு இறங்காதே" என்றான்.

அக்கா வேன் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த முதல் தடவைக்கப்புறம் நான் எங்கடா பஸ்ல ஏறினேன்? பை மட்டும்தான் போச்சு."