பெரிய குட்டை, சின்னக் குட்டை

"இன்னிக்கு இந்தத் தண்ணி போகலன்னு வை, நாளைக்கு உங்க ஆபீஸ் வாசல்ல பாய் போட்டுப் படுத்துக்குவேன் தம்பி. சொல்லிட்டேன்!"

நல்லசாமி சொன்னால் செய்யக்கூடியவர் என்பது நகராண்மைக் கழகத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர் தலை தெரிந்தாலே கவுண்டரில் இருப்பவர்களுக்குத் தேநீர் குடிக்கும் ஆசை வந்துவிடும். அதனால்தான் விவரம் தெரியாமல் புதிதாக வேலைக்குச் சேர்ந்த அய்மனை இந்தப் பூங்காவுக்கு அனுப்பி வைத்திருந்தார்கள்.

மலேசியாவில், ரந்தாவ் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய குடியிருப்பின் பூங்கா அது. தோட்டத்தில் மிஞ்சியது மாரியம்மன் கோயில் மட்டும்தான். குடியிருப்போர் சங்கத்துக்கும் கோயிலுக்கும் நல்லசாமியே தலைவர். அதனால் அவர் குரலுக்கு இரண்டு மடங்கு பலம்.

அய்மன் பூட்ஸ் காலோடு தண்ணீரில் இறங்கிப் பார்த்தான். கோயிலுக்கும் பிள்ளைகள் ஊஞ்சலுக்கும் நடுவே நீளமாக ஒரு குட்டை. அதன் கோடியில் சதுரமாக, சின்னதாக இன்னொன்று. மழை விட்டு, சுற்றிலும் புல்லெல்லாம் காய்ந்துவிட்டது. குட்டைகள் இரண்டும் மட்டும் நகர்வதாக இல்லை.

"லோங்காங் அடைச்சிருக்கா பார்த்தியா?"

அய்மன் ஓரத்துச் சாக்கடையைக் காட்டினான். "பார்த்துட்டேன் அங்கிள். லோங்காங் கிளீனா இருக்கு. தண்ணி நல்லா ஓடுது லா."

"அப்போ இது மட்டும் ஏன் ஓட மாட்டேங்குது? எல்லாம் உங்க கான்டிராக்டர் பண்ண வேலை! மேடு பள்ளம் பார்க்காம புல்லைப் போட்டுட்டுப் போயிட்டான். போன வருஷத்துக்கு இந்த வருஷம் இன்னும் ஆழம். கண்ணு தெரியல உங்களுக்கெல்லாம்?"

"என்னங்க, புள்ள இப்பதானே வந்துச்சு. கொஞ்சம் மூச்சு விட வுடுங்க." சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பஞ்சாலை சொன்னாள். அந்த வெயிலிலும் கொசுவுக்குப் பயந்து, அவளுக்கு முழுக்கைச் சட்டை மாட்டிவிட்டிருந்தார் நல்லசாமி.

"நீ சும்மா இரு. உனக்காகத்தான் கத்துறேன்."

அது பொய்யில்லை. போன வருஷம் கொசு கடித்து டிங்கி காய்ச்சல் வந்து, பஞ்சாலை ஆஸ்பத்திரியில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். நல்லசாமி டாக்டரைப் பாதி நம்பினார், அம்மனைப் பாதி நம்பி வேண்டுதல் வைத்தார். மனைவி எழுந்து வந்தாள். அவரும் கொடுத்த வாக்கைத் திருவிழாவில் நிறைவேற்றினார். ஆனால், இன்னொரு தடவை டிங்கி வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு எதிரே குட்டை, குட்டை நிறையக் கொசு. மனுஷனுக்கு எப்படித் தூக்கம் வரும்?

"இன்னிக்குக் காலைலகூட அம்மன்கிட்ட வேண்டிக்கிட்டுத்தான் வந்திருக்கேன் தம்பி. இந்தத் தண்ணி வடிஞ்சே ஆகணும்."

"வடியும் அங்கிள். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அய்மன் லாரியிலிருந்து மண்வெட்டியை எடுத்து வந்து, குட்டையிலிருந்து சாக்கடைக்கு ஒரு வாய்க்கால் கீறினான். தண்ணீர் மெல்ல இறங்கியது. அடியில் வெட்டியபோது மண்வெட்டி சுலபமாக உள்ளே போனது.

"என்ன மண்ணு இவ்வளவு பொலபொலன்னு இருக்கு?"

இன்னும் கொஞ்சம் வெட்டினான். மண் கறுப்பாக வந்தது. ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"கண்டுபிடிச்சுட்டேன் அங்கிள்! கரி! இது கான்டிராக்டர் வேலை இல்ல, உங்க ஆளுங்க வேலை."

"என்னா?"

"பகாவ்ல எங்க அத்தா சாப்பாட்டுக் கடை வச்சிருக்காரு. கல்யாணத்துக்கு பிரியாணி ஆக்குனா இப்படித்தான் நீளமா அடுப்பு வெட்டுவோம். சட்டியை வரிசையா வைக்கலாம் பாருங்க. இங்க யாரோ பெரிய விருந்து வச்சிருக்காங்க. அதுவும் ஒரு தடவை இல்ல. வெட்டி எரிச்சு, மேலாக்க மண்ணைத் தள்ளி மூடி, மறுபடியும் அதே இடத்துல வெட்டி... மழை பேஞ்சா அந்த மண்ணு இறங்காம என்ன செய்யும்?"

திட்டுவதற்காகத் திறந்த நல்லசாமியின் வாய் அப்படியே நின்றுவிட்டது.

அய்மன் சின்னக் குட்டையையும் கிளறிப் பார்த்தான். "இதுல கரியே இல்ல. ஓ, இது கை கழுவுறதுக்கு!"

பஞ்சாலை சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கல்லு போட்டு, ரோலர் விட்டு நாளைக்கே கெட்டியா மூடிடறேன். அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது. ஆனா இனிமே யாரும் இங்க வெட்டவே கூடாது லா. நீங்கதான் தலைவர், உங்க ஆளுங்களைக் கூப்பிட்டு ஒரு சத்தம் போடுங்க அங்கிள்."

நல்லசாமி தலையைக் குனிந்து தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டார்.

"என்னங்க," பஞ்சாலை மெதுவாகக் கேட்டாள், "காலைல அம்மன்கிட்ட என்னன்னு வேண்டிக்கிட்டீங்க?"

கோயில் வாசலில் இடம் போதாமல் வருஷா வருஷம் தீமிதிக்குப் பூக்குழி வெட்டுவது இங்கேதான். மனைவி பிழைத்து வந்ததற்காகப் போன திருவிழாவில் அவர் மஞ்சள் வேட்டியோடு நெருப்பில் இறங்கி, சின்னக் குழியில் ஊற்றிய பாலில் கால் நனைத்து ஏறியதும் இங்கேதான்.

இந்தத் தண்ணீர் மட்டும் வடிந்துவிட்டால், இந்த வருஷமும் இதே இடத்தில் தீ மிதிக்கிறேன் என்று அம்மனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.