கரை இறங்காதவர்

"போனை உள்ளே வைங்க. இல்லன்னா படகுலயே உட்கார்ந்திருங்க. தீவுல கால் வைக்க விட மாட்டேன்."

வழிகாட்டி தோருன் போட்ட சத்தத்தில் படகில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசி வரிசையில், விலை உயர்ந்த கோட்டுப் போட்டிருந்த மாக்னி காதிலிருந்து போனை எடுக்கவில்லை. 'ஒரு நிமிஷம்' என்று கையை மட்டும் காட்டினார்.

"ரெய்க்யாவிக் பட்டணத்து ஆளு. நாம சொன்னா கேட்டுருவாரா?" என்று முணுமுணுத்தான் படகோட்டி ஸ்டைனார்.

தோருன் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"ஆலாப் பறவை தலையைப் பார்த்துக் கொத்தும். எது உசரமோ அதைத்தான் கொத்தும். அதனால இந்தக் குச்சியைத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு நடங்க. வீசக் கூடாது. முட்டை கூழாங்கல்லு மாதிரியே இருக்கும். பாதையோரக் கயித்தைத் தாண்டினா மிதிச்சிருவீங்க. இறங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் இந்த மருந்துத் தண்ணியில பூட்ஸை முக்கி எடுக்கணும்."

"என் பூட்ஸ் புத்தம் புதுசும்மா" என்றார் ஒரு பெரியவர்.

"அப்ப அதுக்கு ஞானஸ்நானம்னு நினைச்சுக்கங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தோருன் சிரிக்கவில்லை.

போன கோடையில் இதே தீவில் அவளும் ஸ்டைனாரும் செத்த பறவைகளைக் கோணி கோணியாக அள்ளினார்கள். பறவைக் காய்ச்சல். கரை முழுக்க வெள்ளையாய்ப் பரவிக் கிடந்த பறவைக் கூட்டம், இந்த வருஷம் ஒரு பாறை மூலைக்குள் சுருங்கிவிட்டது. அதுவும் போனால் அவ்வளவுதான். வெளியூர்க்காரர்களின் காலோடுதான் அந்த நோய் வந்தது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

படகு கரை தட்டியது. ஒவ்வொருவராகப் பூட்ஸை முக்கிவிட்டு இறங்கி, கயிற்றருகே காத்து நின்றார்கள்.

போன் பேசி முடித்திருந்த மாக்னி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"என்ன, கொத்திரும்னு பயமா? குச்சி இருக்குல்ல?" என்றாள் தோருன்.

"பூட்ஸுக்கு மட்டும்தான் மருந்தா?" என்று கேட்டார் அவர். "கோட்டுக்கு?"

"கோட்டு கெட்டுப் போயிரும்னு கவலையா?"

"நான் இறங்கலம்மா."

தோருனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்தப் படகுல இடம் கிடைக்காம எத்தனை பேர் திரும்பிப் போறாங்க தெரியுமா? நீங்க வந்து ஒரு இடத்தை அடைச்சுக்கிட்டு, ஊர்க்கதை பேசிட்டு, இப்ப இறங்க மாட்டேங்கறீங்க. பறவைன்னா உங்களுக்கெல்லாம் விளையாட்டாப் போச்சு!"

"எச்சம் விழுந்துரும்னு பயப்படறாரு, விடும்மா!" கரையிலிருந்து யாரோ குரல் கொடுக்க, மறுபடி சிரிப்பு.

மாக்னி கைகளை மடிமேல் இறுக்கி வைத்துக்கொண்டார்.

"போன்ல பேசினது என் பையன். வீட்டுல கோழி வளர்க்கறோம். நேத்தே ஒண்ணு சோர்ந்து உட்கார்ந்திருந்துச்சு. முட்டை போடற களைப்புன்னு விட்டுட்டேன். இப்ப மூணு செத்துக் கிடக்காம்."

ஸ்டைனார் தலை குனிந்துகொண்டான்.

"காலையில இந்தக் கோட்டோடதான் தீனி போட்டேன். இந்தக் கையாலதான் அதைத் தூக்கி நிழல்ல விட்டேன்" என்றார் மாக்னி. "பூட்ஸை முக்கிரலாம். என்னை எதுல முக்கறது? நான் இங்கயே இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க."

கரைக்குப் போட்டிருந்த பலகையில் வைத்த ஒரு காலைத் தோருன் மெல்லப் பின்னுக்கு இழுத்தாள்.

மேலே ஆலாக்கள் கத்திக்கொண்டு சுற்றின. ஆனால் பாறை மூலையில் நாலைந்து பறவைகள் எழும்பவே இல்லை. ஆள் வந்தும், தலை தொங்கக் கிடந்தன.

"தோருன், ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க. வா" என்றான் ஸ்டைனார்.

அவள் நகரவில்லை. தன் கம்பளிச் சட்டையின் கையைப் பார்த்தாள். வாத்து இறகு ஒன்று அதில் ஒட்டியிருந்தது.

அவள் வீட்டு வாத்துகளும் இந்த வாரம் ஒவ்வொன்றாய்ச் செத்துக்கொண்டிருந்தன. இதே சட்டையோடு அவற்றை அள்ளிப் புதைத்துவிட்டு, பக்கத்து வீட்டு நாயின் வேலைதான் என்று அதை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, தினமும் இந்தத் தீவுக்குள் நடந்தாள்.

செத்த ஒரு வாத்தின் உடம்பிலும் பல் பட்ட தடமே இல்லை.