ஆடி மாதத்து வடாம்

ராஜலக்ஷ்மி மொட்டைமாடிக்கு ஏற ஏற, கையிலிருந்த எவர்சில்வர் தட்டில் வடாம் கலகலத்தது. பின்னாலேயே குடையும் மடக்கு நாற்காலியுமாக அவள் கணவர் வைத்தீஸ்வரன், தண்டனைக் கைதி மாதிரி வந்தார்.

"ஏன்னா, காக்கா ஒண்ணைக்கூடத் தொடப்படாது. தூறல் வந்தா குடையை வடாமுக்குப் பிடிங்கோ, உங்களுக்கு இல்லை."

"ஆடி மாசத்துல வடாம் காயவைக்கறவ பெங்களூர்லயே நீ ஒருத்திதான்டி. போன வருஷத்து வடாம்லயே இன்னும் ஒண்ணுகூடப் பொரிச்சுப் போடலை."

"ஆத்துக்கு வர்றவாளுக்கு வேண்டாமா?"

வெள்ளை வேட்டியை விரித்து, வடாமை ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டுக் கீழே இறங்கினாள். வானம் துவைக்காத போர்வை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து அபார்ட்மெண்ட் பால்கனியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஸ்ரீஹர்ஷா எட்டிப் பார்த்தான்.

"ஏனு சார், மளேலி சண்டிகேனா?" மழையில் வடாமா என்று அவனுக்கு ஒரே சிரிப்பு.

"ஹைகமாண்ட் ஆர்டரப்பா!" என்று வைத்தீஸ்வரன் காக்கையை விரட்டினார்.

கீழே சமையலறையில், கல்யாணமாகி இரண்டே மாதமான மருமகள் நிருபமா கேட்டாள். "ஏம்மா அப்பாவை இப்படிப் படுத்தறேள்? இந்த வானத்துல எப்படிக் காயும்?"

"காயறதுக்கா போட்டேன்?" ராஜலக்ஷ்மி குரலைத் தாழ்த்தினாள். "வருஷா வருஷம் வானம் மூடினா உன் மாமனாரும் மூடிண்டுடுவார். குளிக்க மாட்டார், பேப்பரைத் தொட மாட்டார், செவுத்தைப் பாத்துண்டு படுத்துடுவார். சோம்பல்னுதான் திட்டிண்டிருந்தேன். டாக்டர்தான் சொன்னார், வெளிச்சம் குறையற சீசன்ல சிலருக்கு வர்ற வியாதியாம் இது. காலம்பற கொஞ்ச நேரம் ஆகாசத்துக்குக் கீழே உக்காந்தா நல்லதாம், மேகமா இருந்தாக்கூட."

"அதை அவர்கிட்டயே சொல்லலாமே?"

"சொன்னேனே! எனக்கென்ன பைத்தியமான்னு கதவைச் சாத்திண்டார். ஆனா பி.டபிள்யூ.டி. என்ஜினீயர் பாரு, வேலைன்னு குடுத்துட்டா சைட்டை விட்டு நகர மாட்டார்." கண்ணைச் சிமிட்டினாள். "மூச்சு விடாதே."

கார்த்திகையில் ஒரு காலை, காபி ஆற்றிக்கொண்டிருந்தபோதே ராஜலக்ஷ்மி போய்விட்டாள். வந்தவர்களுக்கெல்லாம் வைத்தீஸ்வரன்தான் தைரியம் சொன்னார். மார்கழிப் பனியையும் சித்திரை வெயிலையும் எப்படியோ தாண்டிவிட்டார்.

ஆடி பிறந்தது. வானம் மூடியது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

"டாக்டர்கிட்ட ஒரு தடவை போலாம்ப்பா" என்று மகன் ரித்விக், வைட்ஃபீல்டு ஆபீசுக்கு கேப் ஏறுமுன் தினமும் கெஞ்சினான். வைத்த இட்லி வைத்தபடியே ஆறிக்கிடக்கும். ஒருநாள் மட்டும், "ராஜி இருந்த வரைக்கும் போதும்" என்று சுவரிடம் சொன்னார்.

அது நிருபமாவின் காதில் விழுந்தது.

மறுநாள் விடியும் முன்பே எழுந்தாள். போனில் வீடியோவை ஓடவிட்டு ஜவ்வரிசிக் கூழ் கிளறினாள், பச்சை மிளகாய் அரைத்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டாள், கையைச் சுட்டுக்கொண்டாள். அதே வெள்ளை வேட்டியை மாடியில் விரித்து, கரண்டி கரண்டியாக ஊற்றினாள். பிறகு படிக்கட்டிலிருந்து வீடே அதிரக் கத்தினாள்.

"அப்பா! வடாம் போட்டிருக்கேன், காக்கா கொத்தறது! எனக்கு ஆபீஸ் மீட்டிங் இருக்கு, சீக்கிரம் வாங்கோ!"

இன்னொரு தரம் கத்தினாள். கொஞ்சம் கழித்துக் கட்டில் கிறீச்சிட்டது. நாலு நாள் தாடியும் கலைந்த தலையுமாக, குடையையும் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு மெல்லப் படியேறி வந்தார்.

"அம்மா போடற மாதிரியே போட்டிருக்கேன்ப்பா. பாத்துக்கோங்கோ."

அவர் குனிந்து ஒரு வடாமைத் தொட்டார். விரலோடு கூழும் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது.

அழுகிறார் என்று நினைத்து நிருபமா அவர் கையைப் பிடித்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"புது ஹைகமாண்டுக்கு அனுபவம் போறாது" என்று நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். "ஆடியில ஈரக்கூழ் எங்கேம்மா காயும்?"

"அப்போ... அம்மா போட்டது?"

"சமையல் ரூம் பரண்ல, பச்சை மூடி டப்பா. போய் எடுத்துண்டு வா. அதுல மூக்கு உடைஞ்சது ஒண்ணு இருக்கும், பத்திரம்." வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

"வருஷா வருஷம் நான் காவல் காத்தது அதே வடாம்தான்."