பாதி மொட்டைமாடி

படியேறி வருவது அண்ணன்தான் என்று தெரிந்ததும் சலவைக்கடைக்காரன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

அண்ணனின் முழங்கையை அவர் மகள் இறுகப் பிடித்திருந்தாள். வந்த இடத்தில் தகராறு செய்துவிடக் கூடாது என்றுதான் பிடித்திருக்கிறாள் என நினைத்தான்.

தெருக்காரர்கள் தொடங்கும் சூரிய மின்சாரக் கூட்டுறவின் கூட்டம் அது. முன்னின்று நடத்தும் நர்ஸம்மா, தையல்காரி, ஓய்வுபெற்ற தபால்காரர், ஏன், வாடகைக்கு இருப்பவர்கள்கூடச் சேர்ந்தாயிற்று.

ஆளுக்குக் குறைவில்லை. வெயில் விழும் கூரைதான் இல்லை.

சுற்றிலும் அடுக்குமாடிகளின் நிழல். நாள் முழுக்க வெயில் காயும் மொட்டைமாடி ஒன்றே ஒன்றுதான். அது அண்ணன் தம்பி இருவருக்கும் அப்பா விட்டுப்போன வீட்டின் மாடி. பாதி இவனுக்கு, பாதி அண்ணனுக்கு.

அப்பா போன கையோடு வாய்த்தகராறு. அண்ணன் ஊரின் மறுகோடிக்குக் குடிபோனார். பேச்சு நின்றது. ஓட்டிக்கொண்டிருந்த பஸ் வேலையையும் திடீரென விட்டுவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். திமிர் என்று நினைத்துக்கொண்டான்.

இப்போது இவனுக்கு வேறு வழியில்லை. மின்சாரம் போய்ப் போய் வந்ததில் துணிகள் ஈரத்திலேயே நாறின. ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைக்கும் வேலை கைநழுவிப் போயிருந்தது. நர்ஸம்மாவிடம் கெஞ்சித்தான் அண்ணனுக்குச் சொல்லியனுப்பினான்.

மகள் அண்ணனை நேர் எதிர் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

இவன் எழுந்து நின்று சிரித்துவைத்தான். அண்ணனின் முகத்தில் சின்ன அசைவுகூட இல்லை.

சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது. உட்கார்ந்தான்.

இத்தனை வருஷம் கழித்துமா இவ்வளவு வன்மம்? அண்ணன் முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் கெட்டது. தெருவே இவனைத்தான் ஏசும்.

மொட்டைமாடிக்குச் சம்மதமா என்று நர்ஸம்மா கேட்டார்.

இவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தாராளமா வச்சுக்கோங்கம்மா. என்னையும் சேர்த்துக்கோங்க,” என்றார் அண்ணன். பிறகு மகள் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். “சித்தப்பா இன்னும் வரலையா?”

இவன் விருட்டென்று நிமிர்ந்தான். மகள் இவனையே பார்த்தாள்.

“இங்கதாண்ணே இருக்கேன்.”

அண்ணனின் கை, காற்றில் துழாவிக்கொண்டே முன்னால் வந்தது.